நான் எண்ணாமல் விட்ட துடிப்பு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் தம்பி வீட்டாரும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு, இரண்டாவது நினைப்பு இப்போதெல்லாம் மாத்திரை, அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் போனில் பேசிய விதம் உனக்குக் கோபம் வரவழைத்திருக்கும். என் கடிதம் வந்து சேருகிற வரைக்கும் ஓடாதே, ஏன் என்று கேட்காதே என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். என்னம்மா இது, நீதானே வாரா வாரம் எவ்வளவு ஓடணும்னு எழுதிக் கொடுத்தே, இப்போ நீயே வேணாம்கிறியே என்று நீ கேட்டது என் காதில் விழாமல் இல்லை. உன் ஆபீஸில் எல்லாரும் சேர்ந்து ஓடப் போகும் அந்தப் பத்துக் கிலோமீட்டருக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது, அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும் என்று கூரியர்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறார். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். சொன்னால் நீ ஒண்ணுமில்லம்மா என்பாய், நான் சரி என்பேன், அப்புறம் அங்கே மழையா இங்கே வெயிலா என்று பேச்சு போய்விடும். அதுவும் போக, போனைக் காதில் வைத்தாலே என் குரல் மைதானத்துக் குரலாகிவிடுகிறது. இந்த விஷயத்தை அந்தக் குரலில் சொல்லக் கூடாது.

முதலில் வீட்டுச் சேதி. அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடை வழக்கம் போல ஓடுகிறது, ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவர் போன வாரம் தன் கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்து உடைத்துக்கொண்டார், இந்த வருஷத்தில் இது மூன்றாவது. கேட்டால் ஃபிரேம் தரமில்லை என்கிறார், தன் கடை ஃபிரேம்தான் என்பது மறந்துவிட்டது. தம்பிக்கு வேலையில் உயர்வு வந்திருக்கிறது, உயர்வு என்றால் வேலை மட்டும் உயர்ந்திருக்கிறது. கீழ் வீட்டுக்காரர்கள் ஒரு நாய் வாங்கியிருக்கிறார்கள், அது திருடன் வந்தால் வாலை ஆட்டும் போலிருக்கிறது, என்னைப் பார்த்தால் மட்டும் குரைக்கிறது. நீ அனுப்பிய ஸ்வெட்டர் எனக்குச் சரியாக இருக்கிறது, அப்பாவுக்கு அனுப்பியதுதான் வயிற்றில் தகராறு செய்கிறது. இனி என் சேதிக்கு வருகிறேன். உன்னிடம் இரண்டு மாதமாக ஒன்றை மறைத்துவிட்டேன், திட்டுவதாக இருந்தால் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு, ஏனென்றால் திட்ட வேண்டியது முன்னால் இருப்பதைவிடப் பின்னால் அதிகம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பள்ளிக்கூட விளையாட்டு தினத்துக்குத் தொடர் ஓட்டப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நான் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஸ்டாப்வாட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன், ஓடவில்லை, கத்தக்கூட இல்லை. கீழே விழுந்த விசிலை எடுக்கக் குனிந்தேன், நிமிர்ந்தபோது நெஞ்சுக்குள் யாரோ பொத்தானைத் தட்டிவிட்டது போல ஓட்டம் தொடங்கிவிட்டது. படிப்படியாக வேகம் பிடிக்கவில்லை, எடுத்த எடுப்பிலேயே முழு வேகம். முப்பத்து மூன்று வருஷமாகப் பிள்ளைகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்த கை அல்லவா, தானாக என் மணிக்கட்டுக்குப் போனது. பதினைந்து விநாடிக்கு நாற்பத்தேழு. நாலால் பெருக்கினால் நூற்று எண்பத்தெட்டு. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன், மறுபடியும் நாற்பத்தேழு. உட்கார்ந்த இடத்தில் ஐம்பத்தேழு வயதுக்காரிக்கு வரக் கூடாத எண் அது. கழுத்து நரம்பு சட்டைக் காலரைத் தட்டுவது எனக்கே தெரிந்தது. கணக்கு டீச்சர் என் முகத்தைப் பார்த்ததும் பேச்சே கொடுக்காமல் காரை எடுத்து வந்துவிட்டாள், வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே போனாள், எனக்கு இருந்த பயத்தில் பாதி அவள் ஓட்டியதால் வந்தது.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஒயர்களை ஒட்டினார்கள். டாக்டர் உன் வயதுதான் இருக்கும், ரொம்ப நிதானமான பெண். ஊசி போடும் காலிக் குழாய் ஒன்றை என் வாயில் கொடுத்து, உள்ளே இருக்கும் தண்டு நகருகிற அளவுக்குப் பதினைந்து விநாடி விடாமல் ஊதச் சொன்னாள். முப்பத்து மூன்று வருஷம் விசில் ஊதிய வாய், இதைக்கூடவா ஊத மாட்டேன் என்று ஊதினேன். ஊதி முடித்ததும் படுக்கையைச் சட்டென்று சாய்த்துக் காலைத் தூக்கிப் பிடித்தார்கள். சில பேருக்கு அதிலேயே அடங்கிவிடுமாம், எனக்கு அடங்கவில்லை. பிறகு கையில் ஒரு மருந்தை ஏற்றினார்கள், இரண்டு மூன்று விநாடி ரொம்ப மோசமா இருக்கும், பயப்படாதீங்கம்மா, உடனே போயிடும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் ஏற்றினாள். சொன்னது போலவே இருந்தது. அந்த இரண்டு மூன்று விநாடியில் உன் முகத்தைத்தான் நினைத்தேன், அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. அப்புறம் சட்டென்று எல்லாம் ஓய்ந்து துடிப்பு எண்பத்திரண்டுக்கு வந்துவிட்டது. இதயத்துக்குள் மின்சாரம் போகிற வழி ஒன்று இருக்கிறதாம், என் இதயத்தில் பிறவியிலேயே கூடுதலாக ஒரு சின்னக் குறுக்குவழி இருக்கிறதாம். சில நேரம் மின்சாரம் வெளியே போகாமல் அந்த வழியாகச் சுற்றிச் சுற்றி வந்துவிடுமாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. தொடர் ஓட்டத்தில் கட்டையை அடுத்த பிள்ளையிடம் கொடுக்காமல் ஒரே பிள்ளை மைதானத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பது போல. உயிரை வாங்கும் வியாதி இல்லை, ஆனா அலட்சியம் பண்ணக் கூடாது, மாத்திரையில் கட்டுப்படும், கட்டுப்படாவிட்டால் கால் வழியாகக் கம்பி விட்டு அந்தக் குறுக்குவழியையே அடைத்துவிடலாம் என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் அப்பா ராஜ்ஜியம். கடையில் கண் பரிசோதிக்க ஓர் அட்டை தொங்குமே, மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து, அதே மாதிரி ஒன்றைத் தானே எழுதிச் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிறார். முதல் வரியில் உள்ளங்கை அளவு எழுத்தில் காலை மாத்திரை, அடுத்த வரியில் தண்ணீர், அடுத்ததில் நடை, அதற்கடுத்து நேரத்துக்குத் தூக்கம், கடைசியில் எறும்பு அளவு எழுத்தில் காபி ஒரு கப் மட்டும். கடைசி வரி எனக்குத் தெரியவில்லை என்று இரண்டாவது கப்புக்குப் பால் வைத்தேன், அப்படின்னா உனக்கு வேற கண்ணாடிதான் போடணும், கடைக்கு வா என்கிறார். நாளுக்கு ஐந்து கப் குடித்தவள் நான், முதல் வாரம் முழுக்கத் தலைவலி, வீட்டில் யார் எதைக் கேட்டாலும் எரிந்து விழுந்தேன். தம்பி வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் துடிப்பை எண்ணிச் சொல்கிறது, நான் அதை நம்புவதில்லை, விரலால் ஒரு தரம் எண்ணிவிட்டுத்தான் அதைப் பார்ப்பேன், நாங்கள் இருவரும் இப்போது பெரும்பாலும் ஒத்துப் போகிறோம். நான் வகுப்பில் ஒரு பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்தபோது கொஞ்சம் மூச்சு விடுங்கள் என்று அது எழுதிக் காட்டியது, அந்தப் பிள்ளை எட்டிப் பார்த்துப் படித்துவிட்டது.

மாத்திரை என்னைக் கொஞ்சம் மந்தமாக்கியது, மாடிப்படி ஏறினால் கால் கனத்தது, கை சில்லென்று இருந்தது. ஒன்றரை மாதம் நெஞ்சு எந்தத் தொந்தரவும் தரவில்லை. தொந்தரவு இல்லாதபோது மாத்திரை எதற்கு என்று எனக்கு நானே டாக்டராகிவிட்டேன். அப்பா அட்டையைப் பார்ப்பார், நான் டப்பாவைத் திறந்து மூடுவேன், சத்தம் கேட்டதும் அவர் திருப்தியாகப் பேப்பருக்குப் போய்விடுவார். நாலு நாள்தான் ஏமாற்ற முடிந்தது. ஐந்தாம் நாள் பள்ளிக்கூட மாடிப்படியில் பாதி வழியில் மறுபடி பிடித்துக்கொண்டது, கணக்கு டீச்சரும் ஹாரனுமாக மறுபடி ஆஸ்பத்திரி. இந்த முறை குழாயை ஊதியதிலேயே அடங்கிவிட்டது, ஆனால் டாக்டர் அடங்கவில்லை. மாத்திரை சாப்பிடுறதாலதானேம்மா தொந்தரவு இல்லாம இருந்துச்சு, இந்த மாதிரி மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா இன்னும் வேகமா திரும்பும், மந்தமா இருந்தா என்கிட்ட சொல்லணும், நான் அளவைக் குறைச்சிருப்பேன் இல்ல என்று குரலை உயர்த்தாமலேயே வாங்கு வாங்கென்று வாங்கினாள். நான் நிற்க வைத்துத் திட்டும் பிள்ளைகளைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். அளவைப் பாதியாக்கினாள், இப்போது மந்தமும் இல்லை, ஓட்டமும் இல்லை.

அன்று கிளம்பும்போதுதான் நான் இந்தக் கடிதத்தை எழுதக் காரணமானது நடந்தது. வீட்டில் இருக்கும்போது இந்த ஓட்டம் வந்தால் உடனே என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிக் கொடுத்தாள். உட்கார்ந்துகொள்ள வேண்டும், மூச்சைப் பிடித்து முக்க வேண்டும், அதில் அடங்கவில்லையென்றால் அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்து முகத்தை அதில் அமிழ்த்தி எடுக்க வேண்டும், முகத்தில் குளிர் பட்டால் இதயம் தானாக வேகத்தைக் குறைக்குமாம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, இது என்ன நீச்சல் வகுப்பா என்று கேட்டேன். சிரித்து முடிப்பதற்குள் உன் நினைவு வந்துவிட்டது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று முதல் நாளே அவள் கேட்டிருந்தாள், நான் இல்லை என்று சட்டென்று சொல்லியிருந்தேன், அவளும் அதை எழுதிக்கொண்டுவிட்டாள். அந்த இல்லை பொய் என்று அந்த நாற்காலியில் வைத்துத்தான் எனக்கு உறைத்தது.

உனக்கு நினைவிருக்கும், நினைவில்லாமல் இருந்தால் எனக்கு நிம்மதி, ஆனால் இருக்கும். உனக்குப் பதின்மூன்று வயது. எண்ணூறு மீட்டர் தேர்வு ஓட்டம், மொத்தப் பள்ளிக்கூடமும் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தது. முதலில் வந்துகொண்டிருந்தவள் மூன்றாவது வளைவில் நெஞ்சில் கை வைத்து நின்றாய், பாதையை விட்டுவிட்டு நேராகத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினாய், முகம் முழுவதையும் தொட்டிக்குள் விட்டாய். எல்லாரும் சிரித்தார்கள். நான் விசிலை ஊதி உன்னைக் கூப்பிட்டேன், தலை சொட்டச் சொட்ட வந்து நின்றாய். அம்மா, நான் நின்னுட்டேன், அது நிக்கல என்று சொன்னாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், எழுதித்தான் ஆக வேண்டும். இங்கே அம்மா இல்ல, டீச்சர், இன்னும் ரெண்டு சுத்து ஓடு என்றேன். நீ ஓடினாய். பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி உள்ளே போனால் நான் உனக்கு டீச்சர்தான் என்பது நான் போட்ட விதி, சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஆசிரியர் அறையில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தேன். அதே நாள் அதே மைதானத்தில் இன்னொரு பெண் தலை சுற்றுகிறது என்றாள், அவளை நிழலில் உட்கார வைத்து, மணிக்கட்டைப் பிடித்து, விநாடி முள்ளைப் பார்த்து எண்ணினேன். இருபத்து நாலு, அதாவது தொண்ணூற்றாறு, பயப்பட ஒன்றுமில்லை என்று தண்ணீர் கொடுத்தேன். யாரோ பெற்ற பிள்ளையின் எண் பதினெட்டு வருஷம் கழித்தும் எனக்குச் சரியாக நினைவிருக்கிறது. உன் எண் எனக்குத் தெரியாது, நான் எண்ணவேயில்லை.

அதற்குப் பிறகும் நீ எத்தனை தரம் தொட்டிக்கு ஓடினாய், எத்தனை தரம் சீருடையை நனைத்துக்கொண்டு வந்ததற்கு நான் காதைத் திருகினேன். ஓட வேண்டியதிலிருந்து தப்பிக்க வேஷம் போடுகிறாய் என்று முடிவு கட்டிவிட்டேன். நீ யாரும் சொல்லித் தராமல் உனக்கு நீயே வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தாய், டாக்டர் படித்துவிட்டு வந்து சொல்கிற வைத்தியத்தை. பத்தாம் வகுப்பில் ஓடுவதையே விட்டுவிட்டாய், அதற்கும் ஒரு வாரம் உன்னோடு பேசாமல் இருந்தேன். இந்த முறை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே வைத்துவிட்டார். என்கிட்டயும் ரெண்டு மூணு தரம் சொன்னா, அம்மாகிட்ட சொல்லு, அவளுக்குத்தான் இதெல்லாம் தெரியும்னு சொல்லி அனுப்பிட்டேன் என்றார். அதன் பிறகு அட்டையில் இன்னொரு வரி எழுதப் போய் எழுதாமல் வந்துவிட்டார். கண்ணு, இதைப் படித்து நீ என்னை மன்னித்துவிட்டதாக எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மன்னிப்பு கேட்க வேண்டியது என் வேலை, கேட்கிறேன். அன்றைக்கு உன்னை நம்பாமல் விட்டது தப்பு, எல்லார் முன்னாலும் ஓட விட்டது அதைவிடப் பெரிய தப்பு.

இதெல்லாம் பழைய கதை என்றால் மனசோடு வைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் போனில், பயிற்சி ஓட்டம் நல்லா போச்சும்மா, நடுவுல மட்டும் கொஞ்சம் நின்னு பார்க் குழாயில முகம் கழுவிட்டுத் திரும்ப ஓடினேன் என்று சொன்னாய். அடுத்த வாரம் நிற்காமல் ஓடப் பார் என்று நான் பதில் சொன்னேன். அங்கே வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர் என்று அதே போனில் சொல்லியிருந்தாய், அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் எதற்கு முகம் கழுவினாய் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்கிறேன். இன்னும் வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒரு தரம், எவ்வளவு நேரம் நீடிக்கிறது, கண் இருட்டுகிறதா. என்னிடம் சொல்லப் பிடிக்காவிட்டால் பரவாயில்லை, அங்கே ஒரு டாக்டரிடம் ஒன்று விடாமல் சொல். இது எல்லாக் குடும்பத்திலும் வழிவழியாக வருவதில்லை, சில குடும்பங்களில் வரும், அறிகுறி இருந்தால் பார்த்துவிடுவதுதான் சரி என்று எங்கள் டாக்டர் சொன்னாள். எனக்கு அந்த ஓட்டம் வந்திருந்த சமயத்தில் எடுத்த ஈ.சி.ஜி.யின் நகலை இதோடு மடித்து வைத்திருக்கிறேன், அதைக் கையோடு கொண்டு போ. சும்மா இருக்கும்போது எடுத்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியுமாம், அதனால் ஒன்றுமில்லை என்று அனுப்பினால் வந்துவிடாதே, ஒரு நாள் இரண்டு நாள் உடம்பிலேயே ஒட்டி வைத்து எழுதும் கருவி இருக்கிறது, அதைக் கேள். அவர்கள் பார்த்து ஓடலாம் என்றால் தாராளமாக ஓடு, நானே புது அட்டவணை எழுதித் தருகிறேன். அதுவரை நடந்தால் போதும். ஆபீஸில் தூக்கம் வராமலிருக்கக் குடிக்கிறாயே அந்த டின் பானம், அதை விட்டுவிடு. சளிக்கு மருந்துக் கடையில் நீயாக மாத்திரை வாங்காதே, சிலது இதயத்தை விரட்டுமாம், கேட்டு வாங்கு. மயக்கம் வந்தாலோ நெஞ்சு வலித்தாலோ தண்ணீர் வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. பயந்து நடுங்கவும் வேண்டாம், என்னைப் பார், பாதி மாத்திரையும் ஒரு கப் காபியுமாகப் பள்ளிக்கூடத்தை இன்னமும் மேய்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, உனக்கு ஒன்று என்றால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், என்னைப் பற்றி அவர் என்ன நினைத்தாலும் சரி. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் குறையாத உடம்போடும், ஒருவர் சொல்வதை ஒருவர் நம்பிக்கொண்டும் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். மறந்துவிடாதே, டாக்டரைப் பார்க்கும் தேதியை வாங்கின உடனே எனக்குச் சொல். இன்னொரு காரியமும் இருக்கிறது, அதை இப்போதே செய், இந்தத் தாளைக் கீழே வைக்கும் முன்னால். எங்கேயும் எழுந்து போகாதே, அப்படியே உட்கார். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வை, ஒரு நிமிடம் முழுதாக எண்ணு, என்ன வருகிறதோ அந்த எண்ணை எனக்கு எழுது. அது அறுபதானாலும் நூற்று எண்பதானாலும் நான் நம்புவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா. எங்கேயும் அம்மாதான், டீச்சர் இல்லை.